சுமந்து செல்லும் மூச்சு

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்கினால் காயலுக்கு அப்பால் வெல்லிங்டன் தீவு தெரியும். துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணைக் கொட்டி மனிதன் எழுப்பிய தீவு அது. இந்தியக் கடற்படையின் தென்மண்டலத் தளம் அவ்விடத்தில் அமைந்திருக்கிறது. கடலுள் மூழ்கிப் பணிபுரிவோரைப் பயிற்றுவிக்கும் பள்ளியும் அத்தளத்தைச் சேர்ந்ததே. வடக்கே சற்றுத் தள்ளி வல்லார்பாடம். அங்கே கொள்கலன் கப்பல்கள் வந்து நிற்கும் முனையம் இருக்கிறது. கண்ணுக்கெட்டாத தொலைவில், எறணாகுளம் நகரையும் கடந்து, அம்பலமுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மிளகையும் சுக்கையும் மூட்டை கட்டிக் கப்பலேற்றி அனுப்புவதில் பல நூற்றாண்டுப் பழக்கம் உடையது இவ்வூர்ச் சந்தைத் தெரு. ஆயினும் 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் நாம் மேற்சொன்ன மூன்றிடங்களிலும் கவலைக்குரியதாயிருந்த சரக்கு வேறு. மனிதன் விடும் மூச்சையே மூட்டை கட்டி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்தது.

காற்று எங்கும் உள்ளதுதானே, அதைச் சுமப்பானேன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். முதலில் கணக்கைப் பார்ப்போம். வாளாவிருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் ஆகிறது. எடையிட்டுப் பார்த்தால் 12 கிலோ. நாம் ஒரு நாளில் உண்ணும் சோற்றையும் குடிக்கும் நீரையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. கடும் உழைப்பில் ஈடுபட்டவருக்கோ நிமிடத்துக்கு 40 லிட்டரும் தேவைப்படும். உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் இருக்கலாம். இப்பண்டமின்றிச் சில நிமிடங்களே இருக்க முடியும். கொற்கைக் கடலில் முத்துக்குளித்த நம் முன்னோர் ஒரே மூச்சில் அடிக்கடலுக்குச் சென்று சிப்பி பொறுக்கி மேலே வந்தனர். அவர்கள் சுமந்து சென்றது நெஞ்சுக்கூடு கொள்ளும் அளவு மட்டுமே.

அதற்கு மேல் சுமக்க வேண்டுமானால் காற்றைச் சுருக்கியாக வேண்டும். சுருக்குவதற்கு எளிய வழி அழுத்துதல். மருத்துவமனை வாயில்களில் நாம் காணும் பெரிய இரும்பு உருளை 7,000 லிட்டர் பிராணவாயுவைத் தன்னுள் அடக்கிக் கொண்டிருக்கிறது. அந்த வாயுவின் எடை ஒன்பது கிலோவுக்குச் சற்று அதிகம். உருளையின் எடையோ 50 கிலோவுக்கு மேல். ஒரு படி அரிசிக்காக ஒரு மூட்டை கல்லைத் தூக்குவது போன்ற வேலை இது. தீயணைப்புப் படையினர் முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று உருளையை இப்போது கரியிழையால் இலேசாகச் செய்கிறார்கள். ஆனாலும் அதில் அடங்குவது ஏறத்தாழ 2,000 லிட்டர்தான். உழைக்கும் மனிதனுக்கு அது முக்கால் மணி நேரம் வந்தால் பெரிது. 2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேட்டில் பற்றிய தீ 13ஆம் தேதிதான் முழுவதும் அடங்கியது. அத்தனை நாட்களும் நகரின் மீது புகை கவிந்திருந்தது. முக்கால் மணி நேர உருளையைக் கொண்டு பத்து நாட்களுக்கு மேல் நீடித்த புகையோடு போராட வேண்டியிருந்தவர்களின் நிலையை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சுருக்குவதற்கு இன்னொரு வழி உண்டு. அது குளிர்வித்தல். பிராணவாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி வரை குளிர்வித்தால் அது வெளிர்நீலத் திரவமாகிவிடுகிறது. நைட்ரஜனுக்கு இன்னும் கீழே, 196 டிகிரிக்குச் செல்ல வேண்டும். காற்றையே திரவமாக்கினால் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் காற்றாக விரியும். அப்படியானால் ஒருவரது ஒரு நாள் மூச்சு 14 லிட்டர் திரவத்தில் அடங்கிவிடுகிறது. இடுப்பில் சுமக்கும் ஒரு குடம் தண்ணீரின் அளவு அவ்வளவே! இக்கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது நாம் சிறிது வியந்துதான் போனோம்.

1877 டிசம்பரில் பிரான்சில் கையேத்தேயும் ஜெனீவாவில் பிக்தேயும் தனித்தனியே பிராணவாயுவைக் கணநேரம் துளிகளாக்கிக் காட்டினர். 1883இல் போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் விரோப்ளெவ்ஸ்கி, ஒல்ஷெவ்ஸ்கி இருவரும் அதைக் குழாயில் தேங்கி நிற்கும் திரவமாகவே பெற்றனர். 1895இல் ஜெர்மனியில் லிண்டேயும் இங்கிலாந்தில் ஹாம்ப்ஸனும் காற்றை ஏராளமாகத் திரவமாக்கும் இயந்திரம் கண்டனர். இவர்களுக்கு நடுவே 1892இல் ஜேம்ஸ் டீவார் என்பவர் இரட்டைச் சுவர்க் குடுவை ஒன்றைச் செய்தார். இரு சுவர்களுக்கும் இடையிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து வெற்றிடமாக்கியதே அதன் சூட்சுமம். வெளியூரில் பிழைக்கும் தமிழர் இரயிலில் ஊருக்குப் போகும்போது காப்பி ஊற்றி எடுத்துச் செல்லும் பிளாஸ்கு அந்தக் குடுவையின் வழிவந்ததுதான். சூடானதைச் சூடாக வைப்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை. கொடுங்குளிர்த் திரவத்தைக் கொதிக்காமல் காப்பதற்காகச் செய்தார். சாலைகளில் நாம் காணும் பிராணவாயு வண்டியின் நீண்ட தொட்டியும் அதே பிளாஸ்கின் பேருருவம்தான்.

பிளாஸ்கில் ஊற்றிய காப்பி மெல்ல ஆறுவது போலவே தொட்டியிலுள்ள திரவமும் மெல்லக் கொதித்து ஆவியாகிக் கொண்டே இருக்கிறது. பெரிய தொட்டியில் நாளொன்றுக்கு இழப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கையில் எடுத்துச் செல்லும் சிறு கலத்திலோ சில நாட்களில் எல்லாம் போய்விடும். இரும்பு உருளையில் அடைத்தது மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும்; குளிர்வித்தது காத்திருக்காது. இதை மனத்தில் கொண்டால்தான் 2021இல் நடந்தவை விளங்கும்.

அப்போது நாட்டில் பிராணவாயுவே இல்லாமற் போயிற்று என்று பலர் எண்ணினர். எஃகு ஆலைகளில் அது நிறையவே இருந்தது. இல்லாதிருந்தவை தொட்டி வண்டிகளும், ஆலைக்கும் நோயாளிக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கடக்கும் நேரமுமே. ஒரிஸ்ஸாவிலும் விசாகப்பட்டினத்திலும் இருப்பதைத் தில்லிக்கும் மராட்டியத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. காலித் தொட்டிகளை விமானப்படையின் பெரிய விமானங்களில் ஏற்றிச் சென்றனர். நிறைந்த தொட்டியை விமானத்தில் ஏற்றுவது ஆபத்தாகையால் திரும்பும் வழிக்கு இரயிலையும் சாலையையும் நம்பினர். இரயிலிலும் எளிதாக முடியவில்லை. தட்டையான வண்டியின் மீது தொட்டி லாரியை ஏற்றினால் மேம்பாலங்களிலும் மின்கம்பிகளிலும் இடிக்கும். ஆகையால் 3.32 மீட்டர் உயரமுள்ள லாரிகளாகத் தேடி ஏற்றினர். ஏப்ரல் 19ஆம் தேதி மும்பைக்கருகே களம்போலியிலிருந்து முதல் வண்டி புறப்பட்டது.

கேரளத்தின் நிலை முதலில் வேறாயிருந்தது. பாலக்காட்டுக்கருகில், வாளையாற்றுக் கணவாயை ஒட்டிக் கஞ்சிக்கோட்டில் பெரிய பிராணவாயு ஆலை ஒன்று உண்டு. கோயம்புத்தூரிலிருந்து பார்த்தால் எல்லையைத் தாண்டியவுடன் வரும் ஊர் அது. ஆரம்ப நாட்களில் கேரளத்தில் கையிருப்பு மிஞ்சியிருந்தது; தமிழ்நாட்டுக்கும் அனுப்பினர். மே 10ஆம் தேதி கேரள முதல்வர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் 450 டன்னாயிருந்த கையிருப்பு 86 டன்னாகக் குறைந்துவிட்டதென்றும் இனி வெளியே அனுப்ப இயலாதென்றும் குறிப்பிட்டார். அதற்கு இரண்டு வாரம் முன்னர் தமிழக முதல்வரும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஆந்திரத்துக்கும் தெலுங்கானாவுக்கும் திருப்பிவிடப்பட்ட 80 கிலோலிட்டரைப் பற்றி ஏறத்தாழ இதே பொருளில் எழுதியிருந்தார். எழுதிய இருவரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு மாநிலத்தில் பிறந்து மற்றொரு மாநிலத்தில் பிழைக்கும் நம்மைப் போன்றோர் மட்டும் எந்தக் கடிதத்தின் பக்கம் நிற்பது என்று தெரியாமல் திகைத்தோம். பெற்றோர் எல்லைக்கு அப்பால், பிள்ளைகள் இப்பால். ஃபோர்ட்டுக் கொச்சி வெளியிலே தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் எம்மைப் போன்ற அலுவலகத்தார் வரை அந்நாளில் தொலைபேசியை எடுத்தாலே இரு பக்கத்துக் கையிருப்பையும் விசாரித்துக் கொண்டிருந்தனர்.

மே 16ஆம் தேதி அதிகாலையில் ஒரிஸ்ஸாவின் கலிங்கநகரிலிருந்து 118 டன் திரவத்தோடு முதல் இரயில் வல்லார்பாடம் வந்து சேர்ந்தது. உருளைக் கணக்கில் சொன்னால் பன்னிரண்டாயிரத்துக்கு மேல்! இதே நாட்களில் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் விண்வெளி ராக்கெட்டுகளுக்கென்று வைத்திருந்த திரவப் பிராணவாயுவும் தமிழ்நாட்டு, கேரள மருத்துவமனைகளுக்குச் சென்றது. அம்பலமுகளில் நேர்மாறான உபாயத்தைக் கைக்கொண்டனர். சுத்திகரிப்பு ஆலைக்குள்ளேயே பிராணவாயு உற்பத்தியாகிக் கொண்டிருந்தது. அதை அடைத்துக் கொண்டுபோகக் கலமில்லை. ஆகையால் ஆலையை அடுத்திருந்த பள்ளியிலேயே தற்காலிக மருத்துவமனை அமைத்து ஆலையிலிருந்து நேரே குழாய் இழுத்துவிட்டனர். 1,500 படுக்கைகள் வரை பெருக்கத் திட்டமிட்டிருந்தனர். மூச்சை நோயாளியிடம் கொண்டுபோக முடியாதபோது நோயாளியை மூச்சிடம் கொண்டுபோன இந்த யோசனையை அக்காலத்து ஏற்பாடுகளில் மிகச் சிறந்ததென நாம் மதிக்கிறோம்.

திரவத்தைக் கையாள்வதிலுள்ள அபாயத்துக்கு நாசிக்கில் நடந்தது சான்று. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் தேதி அங்கே ஒரு மருத்துவமனையின் தொட்டியில் கசிவு ஏற்பட்டு வெண்புகை மண்டியது. குழாயில் அழுத்தம் குறைந்த அந்தச் சிறுபொழுதில் இருபத்திரண்டு நோயாளிகள் மாண்டனர். தொட்டி நிறைந்திருந்தாலும் பயனில்லை; நோயாளியின் மூக்குவரை வந்து சேர்ந்தால்தான் அது மூச்சு.

இதுகாறும் பேசியது நோயாளிக்குரிய தூய பிராணவாயுவைப் பற்றி. நலமுள்ள ஒருவர் புகையிலோ நச்சு வாயுவிலோ இறங்கும்போது அவருக்கு வேண்டியது சாதாரணக் காற்று. அதையும் திரவமாக்கி முதுகில் கட்டினால் என்ன? இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆஸ்திரிய நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் மீட்புப் பணியாளர்களுக்காக ஏரோலித் என்ற திரவக் காற்றுப் பை ஒன்று செய்யப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் ராக்கெட்டுக்கு நச்சு எரிபொருள் நிரப்பும் பணியாளரின் கவச உடைக்குள் திரவக் காற்றுக் கலத்தை வைத்தனர். இதில் ஓர் உபரி நன்மையும் உண்டு. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறதாகையால் மூடிய உடைக்குள் வெந்து வாடும் உடலுக்கு அது குளிர்ச்சியையும் தருகிறது. நம் நாட்டு வெயிலுக்கு இதைவிட உகந்தது வேறென்ன?

ஆனால் இங்கே இயற்கை ஒரு முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. நைட்ரஜன் பிராணவாயுவைவிட 13 டிகிரி முன்னதாகவே கொதிக்கும். ஆகவே கிடப்பில் போட்ட திரவக் காற்றிலிருந்து நைட்ரஜனே முந்திக்கொண்டு வெளியேறும். அடியில் நிற்பதில் பிராணவாயுவின் பங்கு நாளுக்கு நாள் ஏறும். காற்றில் 21 பங்காக இருக்க வேண்டியது அளவு மீறினால், துணியும் மயிரும்கூடச் சிறு பொறியில் சீறி எரியும். தீக்குள் புகும் தீயணைப்பாளர் முதுகில் அத்தகைய கலம் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் நிரப்பும்போது கலவையைச் சோதிக்க வேண்டும், நெடுநாள் வைத்திருக்கலாகாது, ஆவியை விடுத்துத் திரவத்தையே எடுத்துப் பின்னர் ஆவியாக்கிக் கொடுக்க வேண்டும். மற்றோர் உபாயமும் உண்டு. சுமார் 38 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அடைத்தால் திரவமென்றும் ஆவியென்றும் இரு நிலைகள் இல்லாமற்போய் ஒரே நிலையாகிவிடும். பிரிவதற்கு இடமில்லை, கலத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் கேடில்லை. இவையெல்லாம் ஒரு விண்வெளி மையத்துக்கு இயலும். தெருவுக்குத் தெரு கடுங்குளிர்த் திரவம் நிரப்பும் நிலையம் வேண்டுமென்றால் எந்த நகராட்சியால் இயலும்? அதனாலேயே உலகெங்கும் தீயணைப்பாளர் இன்றும் பெரும்பாலும் அழுத்திய காற்றையே சுமக்கிறார்கள்.

அழுத்துவது, குளிர்விப்பது ஆகிய இவ்விரண்டோடு மூன்றாவது வழியொன்று உண்டு. கடலில் மூழ்குவோர் அதை நன்கறிவர். நாம் வெளிவிடும் காற்றில் இன்னும் 16 பங்கு பிராணவாயு எஞ்சியிருக்கிறது. உடல் எடுத்துக்கொள்வது சிறு பகுதியே. வெளிவிட்டதிலுள்ள கரியமில வாயுவை மட்டும் ஒரு சுண்ணாம்புப் பொருளில் உறிஞ்சவிட்டு மீண்டும் அதையே சுவாசித்தால் சுமை வெகுவாகக் குறையும். ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் 1878இல் செய்த இத்தகைய கருவியை அணிந்துகொண்டு, 1880இல் அலெக்ஸாண்டர் லாம்பர்ட் என்பவர் வெள்ளம் புகுந்த ஸெவர்ன் சுரங்கப் பாதையின் இருளில் நெடுந்தூரம் சென்று ஓர் இரும்புக் கதவை அடைத்துவிட்டு வந்தார். மேலிருந்து காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் செல்ல முடியவில்லை.

வெல்லிங்டன் தீவின் பள்ளியார் 2021இல் நினைவுகூர்ந்தது இந்தப் பழைய வித்தையைத்தான். அப்பள்ளியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் மயாங்க் சர்மா வடிவமைத்த கருவி ஏப்ரல் 22ஆம் தேதி இயங்கும் நிலையை அடைந்தது. நோயாளி வெளிவிடும் பிராணவாயுவைக் கரியமில வாயு நீக்கி அவருக்கே திருப்பித் தருவதால், ஓர் உருளை இரண்டு முதல் நான்கு மடங்கு காலம் நீடிக்கும் என்பது கடற்படையின் கணிப்பு. விலை சுமார் 10,000 ரூபாய். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் வந்து ஆராய்ந்தனர். இரயில் வண்டிகள் நாட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்த வேளையில், இருப்பதை வீணாக்காதிருக்கும் வழியைத் தேடிய இம்முயற்சி நம் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது.

நிற்க. டன் கணக்கையும் கடற்படையையும் விட்டு, வெளியூரில் உடலுழைப்பால் பிழைக்கும் நம்மவர்க்கு அன்றாடம் நேரக்கூடிய ஒன்றுக்கு வருவோம். கிணறு தூர் வாருதல், சாக்கடைக் குழியிலும் மலத்தொட்டியிலும் இறங்குதல் ஆகிய வேலைகள் பெரும்பாலும் வேற்றூரிலிருந்து வந்தவர் தலையிலேயே விழுகின்றன. 2015 நவம்பர் 26ஆம் தேதி கோழிக்கோட்டில் ஆந்திரத்திலிருந்து வந்த இரு தொழிலாளர் சாக்கடைக் குழிக்குள் மயங்கி விழுந்தனர். அவ்வழியே நின்றிருந்த உள்ளூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அவர்களைக் காப்பாற்ற இறங்கினார். மூவரும் மடிந்தனர்.

இத்தகைய சாவுகளில் ஒருவர் பின் ஒருவராக இறங்குவோர் மாய்வதேன்? உயிருக்கு வேண்டிய பிராணவாயு குறைவதை நம் உடல் உணர்வதில்லை. மூச்சு முட்டுகிறதென்ற உணர்வைத் தருவது கரியமில வாயுவின் மிகுதியே. எனவே பிராணவாயு அருகிய குழியில் இறங்குபவர் எந்த எச்சரிக்கையும் இன்றி இரண்டொரு மூச்சிலேயே நினைவிழந்து விழுகிறார். மேலே நிற்பவர் கால் இடறிற்றென்று எண்ணி இறங்குகிறார். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. சுடர் அணைந்தால் இறங்கலாகாது என்பது உண்மையே. சுடர் அணையவில்லை, ஆகவே இறங்கலாம் என்பது பொய். சாக்கடையில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு விளக்கு எரியும்போதே ஆளைக் கொல்லும். அவ்வாயு எரியக்கூடியதாகையால் அத்தகைய குழியில் விளக்கை இறக்குவதே தவறு. மூக்கில் கட்டும் துணியும் மருத்துவ முகமூடியும் வடிகட்டிப் பார்க்குமேயன்றி, இல்லாத பிராணவாயுவை உண்டாக்கித் தரமாட்டா. மருத்துவமனை உருளையைக் கொண்டுவந்து குழிக்குள் திறந்துவிடலாமே என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். பிராணவாயு மிகுந்த குழியில் ஒரு பீடிப் பொறியே போதும். அந்த யோசனையை அறவே விலக்க வேண்டும்.

கிணற்றுக்கும் குழிக்கும் வேண்டியது திரவமும் அன்று, முதுகு உருளையும் அன்று. பத்திருபது அடி ஆழத்துக்கு மேலேயுள்ள நல்ல காற்றைக் குழாய் வழியே தள்ளினால் போதுமானது. கொல்லுப்பட்டறைத் துருத்தியின் வேலைதான். மலம் அள்ளும் தொழிலில் ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், வேலை வாங்குவோர் தர வேண்டிய காப்புக் கருவிகளின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவராதலின் இத்தகைய பட்டியல்களை வரிவரியாக வாசிப்பது எமக்குப் பழக்கம். கையால் சுழற்றும் ஊதியோடு இணைந்த காற்றுக்குழாய் முகமூடி அப்பட்டியலில் இருக்கிறது. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014இல் விதித்தது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தவர் எந்த மாநிலத்தவர் என்பதை நோக்காமல் இது பொருந்தும். ஆயினும் அச்சட்டம் பேசுவது சாக்கடையையும் மலத்தொட்டியையும் பற்றியே, கிணற்றைப் பற்றியன்று. கிணற்றில் இறங்குவோர் தமக்கு வேண்டியதைத் தாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கேட்க வேண்டியவை சிலவே. இறங்குமுன் நெடுநேரம் ஊதி ஓடவேண்டும். ஆள் உள்ளே இருக்கும்வரை அது நிற்கலாகாது. இடுப்பிலும் தோளிலும் வார் கட்டி, கயிற்றின் மறுமுனையை மேலே இருவர் பிடித்திருக்க வேண்டும். உள்ளிருப்பவர் விழுந்தால் இறங்காமலே தூக்க இதுவே வழி. தூக்க இயலாவிட்டால் 101க்குச் சொல்லித் தீயணைப்புப் படையினர் வரும்வரை ஊதியை நிறுத்தாதிருக்க வேண்டும். ஊதி காற்றை உறிஞ்சும் வாய், அதை ஓட்டும் ஜெனரேட்டரின் புகைக்கு எதிர்ப்புறம், காற்று வீசும் திசைக்கு முகங்கொடுத்து இருக்க வேண்டும். அருகிலேயே வைத்துவிட்டால் ஜெனரேட்டர் கக்கும் கார்பன் மோனாக்சைடை நாமே குழாய் போட்டுக் கீழே அனுப்பியவர்களாவோம்.